அகலமாகிப்போன மஃப்ளர்

போன டிசம்பரில், ஊட்டிப் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்ததை எல்லாச் செய்தியிலும் காட்டிக்கொண்டிருந்த வாரம், பக்கத்து வீட்டு மருமகள் ஒரு துணிப்பையோடு வந்து எங்கள் வாசற்படியில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு மஃப்ளரை எடுத்து மடியில் விரித்தாள். கணவனுக்காகப் போட ஆரம்பித்தது. அவன் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவன். விடிகாலை மூன்று மணிக்கே வண்டியை எடுத்துவிடுவான்.

"எண்ணிப் பாருங்க டீச்சர். ஆரம்பிச்சப்போ முப்பது கண்ணி. இப்போ நாப்பத்தேழு. நான் ஒண்ணுகூடச் சேர்க்கலைங்க."

நான் சிரித்துவிட்டேன். அவளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

"உன்னைப் பார்த்துச் சிரிக்கலை கண்ணு" என்று சொல்லி உள்ளே போய் டீ போட்டு எடுத்து வந்தேன். உண்மையாகவே அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நான் 31 வருடம் பள்ளியில் தையல் டீச்சராக இருந்தவள். மலைப் பிள்ளைகளுக்கு முதல் பாடம் மஃப்ளர்தான் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் சொன்னார்கள். நானும் யோசிக்காமல் அதையே சொல்லிக்கொடுத்தேன். என் மேஜைக்கு வந்த மஃப்ளர்களில் ஆரம்பித்த அகலத்திலேயே முடிந்தவை கொஞ்சம்தான். மற்றதெல்லாம் அடியில் குறுகி, போகப் போக அகன்று, கடைசியில் முறம் மாதிரி விரிந்து வந்து நிற்கும். சிவப்பு மையில் 'அளவு தவறு' என்று எழுதி மார்க்கைக் குறைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளில் பலர் அதற்கப்புறம் ஊசியைத் தொடவே இல்லை.

ரிட்டயர் ஆன பிறகு, மார்க் போட வேண்டிய வேலை இல்லாமல் உட்கார்ந்து யோசித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. புதிதாகப் பழகுகிற கை தானாகப் பின்னுவது முக்கோணத்தைத்தான். அப்படியிருக்க, முதல் பாடமாக முக்கோணச் சால்வையையே கொடுத்தால் என்ன?

கண்ணி எப்படிக் கூடுகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வழி. ஒரு வரிசை முடிந்து ஊசியைத் திருப்புகிறோம். நூல் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதை ஊசிக்கு மேலே தூக்கிப் பின்பக்கம் போட்டு இழுத்தால், ஓரக் கண்ணியின் இரண்டு காலும் மேலே ஏறி இரண்டு கண்ணி போலத் தெரியும். இரண்டையும் தனித்தனியாகப் பின்னிவிட்டால் ஒன்று கூடிவிட்டது. இரண்டாவது வழி, நூல் தெரியாமல் முன்பக்கம் வந்து நிற்பது. அப்படியே அடுத்த கண்ணியைப் போட்டால் ஊசியின் மேல் நூல் ஒரு தடவை ஏறிக்கொள்ளும். அடுத்த வரிசையில் அதுவும் ஒரு கண்ணி ஆகிவிடும், கீழே ஒரு சின்ன ஓட்டையோடு. பக்கத்து வீட்டுப் பெண்ணின் மஃப்ளரில் அப்படிப் பதினோரு ஓட்டை இருந்தது. நான் எண்ணிக்காட்டினேன்.

"இந்த ஓட்டையை வேணும்னே, ஒவ்வொரு வரிசையிலும், ஒரே இடத்துல போட்டா அதுக்குப் பேரு டிசைன்" என்றேன். அவள் நம்பாத மாதிரி பார்த்தாள்.

மஃப்ளருக்கு 30, 40 கண்ணியை முதலில் ஊசியில் ஏற்ற வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதுவே அரைமணி நேரப் போராட்டம். இறுக்கிப் போட்டுவிட்டால் முதல் வரிசையில் ஊசி நுழையாது. முக்கோணத்துக்கு மூன்றே கண்ணி போதும். சுருக்கு முடிச்சு ஒன்று, அதன் பக்கத்தில் இன்னும் இரண்டு. இனி எல்லா வரிசையும் நிட் என்கிற நேர்ப்பின்னல்தான், பர்ல் என்கிற எதிர்ப்பின்னல் வேண்டவே வேண்டாம். வகுப்பில் நான் நான்கு சொல்லாகச் சொல்லவைப்பேன்: நுழை, சுற்று, எடு, இறக்கு. வலது ஊசியைக் கண்ணிக்குள் நுழை, நூலை அதன் மேல் சுற்று, சுற்றிய நூலை வெளியே எடு, பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து இறக்கு. இந்த நாலும் வாய்க்குப் பழகிவிட்டால் கை தானாக வரும்.

ஒரு வரிசைக்கு ஒரு கூட்டல். முதல் இரண்டு கண்ணியைச் சாதாரணமாகப் பின்னுங்கள். நூலை இரண்டு ஊசிக்கும் நடுவே முன்பக்கம் கொண்டுவாருங்கள். அப்படியே மீதிக் கண்ணிகளைக் கடைசிவரை பின்னிவிடுங்கள். மூன்று நான்காகியிருக்கும். திருப்புங்கள். இரண்டு கண்ணி, நூல் முன்னால், மீதியெல்லாம். நான்கு ஐந்தாகிவிட்டது. அவ்வளவுதான். இதற்கு மேல் பாடம் கிடையாது. போகும்போது ஒரு ஓரம், திரும்பும்போது மறு ஓரம் என்று மாறி மாறி ஓட்டை விழுவதால் இரண்டு பக்கமும் ஓலைப்பின்னல் மாதிரி ஒரு கரை தானாக வந்துவிடும். ஒரு வரிசையில் கூட்ட மறந்துவிட்டால் அடுத்த வரிசையில் கூட்டிக்கொள்ளலாம். தோளில் போட்டுக்கொண்டு நடக்கும்போது அது யார் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை. மஃப்ளரில் இந்த மன்னிப்பு கிடையாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று இருக்கிறது. போய் வந்து இரண்டு வரிசை பின்னினால் துணியில் ஒரு மேடு தெரியும். வயலில் வரப்பு மாதிரி. நான் வரப்பு என்றுதான் சொல்வேன். எல்லா வரிசையும் நிட் போட்ட துணியில் ஒரு வரப்பின் உயரமும் ஒரு கண்ணியின் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு வரப்புக்கு நாம் இரண்டு கண்ணி கூட்டுகிறோம், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஆக உயரம் ஒரு பங்கு வளர்ந்தால் அகலம் இரண்டு பங்கு வளர்கிறது. கீழ் முனையில் சரியான செங்கோணம் விழுகிறது. ஒரு சதுரக் கைக்குட்டையைக் குறுக்கே மடித்தால் வருகிற அதே முக்கோணம். கம்பளியில் நாம் ஸ்கேல் வைத்து அளக்கவே இல்லை. பள்ளியில் என் பக்கத்து அறைக் கணக்கு டீச்சரிடம் இதைச் சொன்னபோது அவர் என் கையிலிருந்த துண்டைப் பிடுங்கிக்கொண்டு போய் வகுப்பில் காட்டினார். திரும்ப வரவே இல்லை அந்தத் துண்டு.

இனி நூல். எங்கள் ஊர்க் கடைகளில் எல்லாவற்றுக்கும் 'உல்லன்' என்றுதான் பேர். கேட்டால் எடுத்துக் கொடுப்பதில் பெரும்பாலானது அக்ரிலிக். லூதியானாவிலிருந்து வருகிற செயற்கை இழை. அக்ரிலிக் மட்டமென்று நான் சொல்லமாட்டேன். பழகுவதற்கு அதுதான் நல்லது. விலை குறைவு, துவைக்கச் சுலபம், பத்துத் தடவை பிரித்துப் போட்டாலும் தாங்கும். ஆனால் கம்பளி விலை கொடுத்து அக்ரிலிக்கை வாங்கி வரக்கூடாது. சந்தேகம் இருந்தால் விரல் நீளத்துக்கு ஒரு துண்டை வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். ஆட்டுக் கம்பளி முடி கருகுகிற நாற்றம் அடிக்கும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்படும். நசுங்காது.

நீலகிரிக்கென்று ஒரு செம்மறி இனம் உண்டு என்பது இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் பலருக்குத் தெரியாது. 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் என்று வெளிநாட்டு ஆடுகளும் கலந்து உருவானது. உடுப்புக்கு ஆகிற மென்மையான கம்பளி தருவது. ஊட்டிக்கு அந்தப் பக்கம் சாண்டிநல்லாவில் செம்மறி ஆராய்ச்சி நிலையத்தில் இன்றும் வளர்க்கிறார்கள். நான் இத்தனை வருடம் நூல் வாங்கிய கடைகளில் அந்த ஆட்டின் கம்பளி ஒரு தடவைகூட என் கைக்கு வந்ததில்லை.

எவ்வளவு வாங்குவது? இழை மெல்லியதாகவும் இல்லாத, பருமனாகவும் இல்லாத நடுத்தர நூலை, டபுள் நிட்டிங் என்று உறையில் போட்டிருப்பதைக் கேளுங்கள். கம்பளியானால் 100 கிராமுக்குச் சுமார் 200 மீட்டர் வரும். கழுத்தில் முடிந்துகொள்கிற முக்கோணத்துக்கு 100 கிராம். தோளை மூடுகிற சால்வைக்கு 250 கிராம் வேண்டும். எல்லா உருண்டையும் ஒரே தடவையில் வாங்குங்கள். உறையில் நிறத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் லாட் நம்பர் ஒன்று இருக்கும். அது சாயம் போட்ட தொட்டியின் அடையாளம். ஒரே நிறம், வேறு லாட் என்றால் கடை விளக்கில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு சிவப்பும் வீட்டு வெயிலில் அண்ணன் தம்பி சண்டை மாதிரி பிரிந்து நிற்கும்.

ஊசிக்கு நாங்கள் எங்கும் போகவேண்டியதில்லை. குன்னூரிலிருந்து ஊட்டி போகிற வழியில் கேத்தி. 1949இல் தொடங்கிய ஊசித் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. இங்கிலாந்தில் ஊசிக்குப் பேர்போன ஸ்டட்லி ஊரின் கம்பெனி ஒன்று ஆரம்பித்தது. போனி என்ற பெயரில் அங்கே செய்கிற பின்னல் ஊசிகள் பல நாடுகளுக்குப் போகின்றன. எங்கோ ஆஸ்திரேலியாவில் ஒரு பாட்டி பின்னிக்கொண்டிருக்கிற ஊசி எங்கள் பள்ளத்தாக்கில் செய்ததாக இருக்கலாம். பொம்மை ரயிலில் போகிறவர்கள் கேத்தி ஸ்டேஷனில் பள்ளத்தாக்கைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். எனக்கு அந்த ஊர் என்றால் ஊசி.

ஊசியின் நம்பரில் ஒரு பொறி இருக்கிறது. அதில் நானே விழுந்தவள். நாம் பழைய இங்கிலாந்து நம்பரைப் பின்பற்றுகிறோம். அதில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். 8ஆம் நம்பர் என்றால் 4 மில்லிமீட்டர், 6ஆம் நம்பர் 5 மில்லிமீட்டர். அமெரிக்காவில் நேர்மாறு. நம்பர் ஏற ஏற ஊசி பருக்கும். அங்கே 6 என்றால் 4 மில்லிமீட்டர், 8 என்றால் 5. யாரோ வேண்டுமென்றே மாற்றி வைத்த மாதிரி. சில வருடங்களுக்கு முன் நான் ஒரு சால்வையைக் கேத்தி ஊசி 8ஆம் நம்பரில் ஆரம்பித்தேன். 150 கண்ணி தாண்டியதும் நீள ஊசியில் இடமில்லை, நுனியிலிருந்து கண்ணிகள் நழுவுகின்றன. அந்தச் சமயம் பார்த்து என் அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து ஒரு வட்ட ஊசி கொண்டுவந்தான். இரண்டு நுனி, நடுவே வளைகிற ஒயர். 8 என்று போட்டிருந்தது. நானும் சந்தோஷமாக மாற்றிக்கொண்டு பின்னினேன். அடி முழுக்க அடர்த்தியான துணி, மேலே கொசுவலை. நாற்பது வரிசை போன பிறகுதான் கண்டேன். அன்றிலிருந்து நம்பரை நான் பார்ப்பதே இல்லை, மில்லிமீட்டரைத்தான் பார்க்கிறேன். நீங்களும் அதையே பாருங்கள். நடுத்தர நூலில் சால்வைக்கு 5 மில்லிமீட்டர் நன்றாக இருக்கும். ஸ்வெட்டருக்குப் போடுவதைவிடக் கொஞ்சம் பருமனான ஊசி. சால்வை உடம்போடு ஒட்டி நிற்க வேண்டியதில்லை, வழிந்து விழ வேண்டும். பெரிய முக்கோணம் என்றால் முதலிலேயே 80 சென்டிமீட்டர் வட்ட ஊசி வாங்கிவிடுங்கள். வட்டமாகப் பின்ன வேண்டாம். போய்த் திரும்பி, சாதாரண ஊசி மாதிரியே. அத்தனை கண்ணியின் கனமும் ஒயரில் ஏறி மடியில் கிடக்கும், மணிக்கட்டு வலிக்காது.

முக்கோணம் செய்கிற ஒரே துரோகம் நடுவழியில் வரும். ஒரு வரிசைக்கு ஒரு கண்ணி கூடுகிறது என்றேன். 200 வரிசைக்குத் திட்டம் போட்டால், 100ஆவது வரிசையில் பாதி வந்துவிட்டோம் என்று மனம் சொல்லும். கையில் கால்வாசிதான் இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று நூறுவரை கூட்டினால் 5,050. இருநூறுவரை கூட்டினால் 20,100. மொத்தக் கண்ணியில் பாதியைத் தொடுவது 142ஆவது வரிசையில். ஆரம்பத்தில் ஒரு வரிசை கண் மூடித் திறப்பதற்குள் முடியும். கடைசியில் ஒரு வரிசைக்குள் டீ ஆறிப்போகும். நிமிடத்துக்கு 20 கண்ணி என்று வைத்தாலும் 20,000 கண்ணிக்குப் பதினேழு மணி நேரம். இப்படி 200 வரிசை போட்டால் சுமார் 110 சென்டிமீட்டர் அகலம், 55 ஆழம், 150 கிராம் நூல். இதைப் போல இரண்டு மடங்கு அகலம் வேண்டுமென்றால் நூல் நான்கு மடங்கு ஆகும். இரண்டு மடங்கு இல்லை. இதை மறந்துதான் கடைக்கு இரண்டாம் தடவை ஓடுகிறோம். அந்த லாட் நம்பர் தீர்ந்துபோயிருக்கும்.

நூல் தீர்வதைப் பற்றி நானும் ஒரு கதை சொல்ல வேண்டும். என் தங்கைக்கு ஒரு பச்சைச் சால்வை. கண்ணியை அடைத்துக்கொண்டே வந்தேன். இரண்டு கண்ணி பின்னி, முதலாவதை இரண்டாவதன் மேல் தூக்கிப் போட்டு இறக்குவதுதான் அடைப்பது. ஓரத்துக்கு முப்பது கண்ணி இருக்கும்போது நூல் முடிந்துவிட்டது. அடைத்ததையெல்லாம் பிரித்து, ஒரு முழு வரிசையைப் பிரித்து, மறுபடி அடைத்தேன். அதிலும் நூல் தீரப்போகிறதே என்ற பயத்தில் இறுக்கி இறுக்கிப் போட்டதில் மேல் ஓரம் சுருங்கிக் கூடாரம் மாதிரி ஆகிவிட்டது. இந்த முக்கோணத்தில் மிக நீளமான ஓரம் கடைசியில் அடைக்கிற ஓரம்தான். கழுத்தைச் சுற்றி, தோளின் மேல் கிடப்பது அதுதான். ஆகவே ஊசியில் இருக்கிற அகலத்தைப் போல நான்கு மடங்கு நூல் மிச்சம் இருக்கும்போதே அடைக்கத் தொடங்குங்கள். வலது கைக்கு ஒரு பருமனான ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். கை இறுக்கமானவர்களுக்கு வேறு வைத்தியம் கிடையாது.

இன்னும் இரண்டு விதமான முக்கோணம் இருக்கிறது. கழுத்து நடுவிலிருந்து கீழ்நோக்கிப் போவது ஒன்று. இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று, நடு முதுகெலும்பாக ஒரு கண்ணியை வைத்து அதன் இரு பக்கமும் ஒவ்வொன்று என இரண்டு வரிசைக்கு நான்கு கண்ணி கூடும். மீந்த நூல்களை வைத்துக் கோடு போட்டால் இங்கே கோடுகள் முதுகில் அம்புநுனி மாதிரி வளையும். நான் முதலில் சொன்னதில் நேராக ஓடும். பார்க்க அழகு இந்த அம்புநுனிதான் என்றாலும், ஆரம்பத்தில் மூன்று கண்ணியில் ஒரு சின்னப் பட்டை பின்னி அதன் பக்கவாட்டில் கண்ணி எடுக்க வேண்டும். அந்த இடத்தில் பலர் ஊசியைக் கீழே வைத்துவிடுவார்கள். இரண்டாவது சால்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றொன்று பக்கவாட்டில் வளர்வது. ஒரே ஓரத்தில், நான்கு வரிசைக்கு ஒரு தடவை ஒரு கண்ணி கூட்டிக்கொண்டே போக வேண்டும். சமையலறைத் தராசை எடுங்கள். 100 கிராம் உருண்டை 50 கிராமுக்கு இறங்கியதும் கூட்டுவதை நிறுத்தி, அதே ஓரத்தில் நான்கு வரிசைக்கு ஒன்று குறைத்துக்கொண்டு வாருங்கள். நூல் முடிகிற இடத்தில் முனை முடியும். ஆழத்தைப் போல நான்கு மடங்கு நீளம். பைக் ஓட்டுகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் போட்டுக்கொடுக்கிறேன். மஃப்ளர் மாதிரி சுற்றலாம், நெஞ்சுப் பக்கம் மட்டும் அகலமாக மூடும்.

எதற்காக முக்கோணம் என்று கேட்பவர்களுக்கு நான் ஷெட்லாண்டைச் சொல்வேன். ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலில் கிடக்கிற தீவுகள். குளிரும் காற்றும் எங்கள் மலையைவிடக் கடுமை. அங்கே உன்ஸ்ட் என்ற தீவில் பெண்கள் பின்னிய மெல்லிய லேஸ் சால்வையைக் கல்யாண மோதிரத்துக்குள் நுழைத்து இழுத்துவிடலாம் என்பது ஊர் உலகத்துக்குத் தெரிந்த பெருமை. ஆனால் அது விற்பதற்கு. அவர்கள் அன்றாடம் போட்டுக்கொண்டது ஹாப். அந்த ஊர்ப் பேச்சில் ஹாப் என்றால் போர்த்துவது. சதுரமாகப் பின்னி, குறுக்கே முக்கோணமாக மடித்து, முதுகில் போட்டு, இரண்டு நுனியையும் நெஞ்சில் குறுக்காகக் கொண்டுவந்து, பின்னால் முடிந்துகொள்வார்கள். அப்படி முடிந்தால் இரண்டு கையும் சும்மா இருக்கும். அந்தக் கைகளை அவர்கள் சும்மா விடவில்லை என்பதுதான் விசேஷம். அடுப்பெரிக்கிற சதுப்புமண் கட்டிகளைக் கூடையில் ஏற்றி முதுகில் சுமந்துகொண்டு, நடந்தபடியே பின்னுவார்கள். இடுப்பில் ஒரு தோல் பெல்ட். குதிரைமுடி திணித்து, ஓட்டை ஓட்டையாகக் குத்திய மெத்தை அதில் இருக்கும். ஒரு ஊசியின் நுனியை அந்த ஓட்டையில் செருகிவிட்டால் வலது கை நூலை மட்டும் பார்த்துக்கொள்ளும். அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் சரிவில் கொழுந்துக் கூடையோடு ஏறுகிற பெண்கள் நினைவுக்கு வருவார்கள்.

எங்கள் மலைக்குப் பேர் வாங்கிக்கொடுத்த போர்வையும் இருக்கிறது. தோடர்களின் பூத்துக்குளி, வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் எண்ணிப் போடுகிற வேலைப்பாடு. 2013இல் தோடர் எம்பிராய்டரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது நெய்த துணி, நீள்சதுரம், பெருமையாகப் போர்த்திக்கொள்வது. அடுப்படியில் தோசை ஊற்றும்போது எனக்கு வேண்டியது முக்கோணம். மாராப்பின் மேல் போட்டு முதுகில் முடிந்துவிட்டால் அடுப்புப் பக்கம் நுனி தொங்காது.

பின்னி முடித்தவுடன் கூட்டிச் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். முக்கோணம் பாதி ஊசியில் வருகிறது, மீதி தண்ணீரில் வருகிறது. ஆட்டுக் கம்பளியானால் பச்சைத் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவையுங்கள். கசக்கக்கூடாது, வெந்நீர் கூடாது. கசக்கினால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தடித்த கம்பளம் ஆகிவிடும். முறுக்காமல், துண்டில் சுருட்டி மிதித்து ஈரத்தை எடுங்கள். மெத்தையின் மேல் பழைய வேட்டியை விரித்து, மேல் ஓரத்தை நூல் பிடித்த மாதிரி நேராக்கி, கீழ்முனையை இழுத்து, குண்டூசி குத்துங்கள். சுருங்கிக் கிடந்த ஓட்டைகளெல்லாம் கண் திறக்கும். காய்ந்து எடுத்தபின் அப்படியே நிற்கும். வெயில் காலத்தில் ஒரு நாள், எங்கள் ஊர் மழையில் மூன்று நாள், அதுவரை யாரும் அந்தக் கட்டிலில் படுக்க முடியாது. அக்ரிலிக் இதற்கு மசியாது. தண்ணீரில் போட்டு எடுத்தால் பழைய சுருக்கத்துக்கே போய்விடும். இஸ்திரிப் பெட்டியை மேலே படாமல் தூக்கிப் பிடித்து ஆவி மட்டும் காட்டலாம். பட்டால் தொய்ந்துபோகும், திரும்ப வராது.

எடுத்துவைக்கும்போது வேப்பிலை போடுங்கள், கம்பளியை அந்துப்பூச்சி அரிக்கும். குன்னூர்க் குளிருக்கு வேம்பு வருவதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வருகிற யாரிடமாவது ஒரு கொத்து கேட்டு வாங்குவோம். இப்போது அதைக் கொண்டுவந்து தருகிறவன் பக்கத்து வீட்டு லாரிக்காரப் பையன்தான்.

அவன் பெண்டாட்டியின் மஃப்ளரை நாங்கள் பிரிக்கவில்லை. நாற்பத்தேழாவது கண்ணியிலிருந்து அவளைத் தெரிந்தே கூட்டச் சொன்னேன். இரண்டு கண்ணி, நூல் முன்னால், மீதியெல்லாம். பொங்கலுக்கு முந்தின வாரம் 160இல் அடைத்தாள். கையில் ஒரு சாண் நூல் மிச்சம். விடிகாலையில் அவன் வண்டி எடுக்கும்போது அதைக் கழுத்தில் முடிந்துகொண்டுதான் போகிறான். முனை மட்டும் கூராக இருக்காது. முப்பது கண்ணி அகலத்துக்கு மொட்டையாக இருக்கும்.